முதல் ரீபில்டபிள் டாங்க்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், தீர்ந்ததும் வீசிவிடும் வேப்களை, அதாவது மின்சிகரெட்டுகளை, விற்கத் தடை. அதற்குப் பிறகு பலர் பாட் கருவிக்கு, அதாவது திரவம் அடைத்த சின்னக் குப்பியைச் செருகும் வேப்புக்கு, மாறினார்கள். அவர்களில் சிலர் வாராவாரம் திரவத்தைச் சூடாக்கும் காயிலை வாங்கிக் கை கடித்துப் போய், நாமே காயில் கட்டிக்கொள்ளும் டாங்க் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. விலையும் சட்டமும் பிரிட்டனில் உள்ளபடி. 18 வயது தாண்டி, ஏற்கெனவே புகைக்கிறவர் அல்லது வேப் பிடிக்கிறவர்களுக்காக மட்டும் எழுதியது. இரண்டு பழக்கமும் இல்லாதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க ஒரு காரணமும் கிடையாது.

ரீபில்டபிள் டாங்க் என்றால் என்ன? கடையில் கிடைக்கும் சாதாரண டாங்கிலிருந்து என்ன வித்தியாசம்?

சாதாரண டாங்கில் காயில் என்பது ஒரு சின்ன உருளை. உள்ளே கம்பிச்சுருளையும் பஞ்சையும் கம்பெனியே அடைத்து மூடி அனுப்பியிருக்கும். கருகினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டியதுதான். ரீபில்டபிளில் அந்த உருளை கிடையாது. டெக் எனப்படும் அடித்தட்டில் இரண்டு உலோகத் தூண்கள் நிற்கும். அவற்றுக்குப் பெயர் போஸ்ட். கம்பிச்சுருளின் இரு கால்களையும் அவற்றில் ஸ்க்ரூ வைத்து இறுக்கி, சுருளுக்குள் பஞ்சை நுழைத்து, வால்களை வெட்டிப் பக்கவாட்டுக் குழிகளில் விடுவது நம் வேலை. மேலே கவிழ்க்க ஒரு மூடி, அதிலிருந்து வாய்வரை ஆவி போகும் குழாய், சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஆவியாகிற திரவமான லிக்விட். அவ்வளவுதான் சமாச்சாரம்.

டிரிப்பர் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

டெக் ஒன்றேதான், டாங்க் மட்டும் இல்லை. பஞ்சில் நேரே சொட்டுச் சொட்டாக விட்டு, நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மறுபடி விட வேண்டும். காயில் கட்டிப் பழக டிரிப்பர் நல்ல பள்ளிக்கூடம். பஞ்சைக் கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அது ஒழுகாது. ஆனால் வேலைக்குப் போகிற, வண்டி ஓட்டுகிற ஆளுக்கு நாள் முழுக்க அது சரிப்படாது. முதலிலேயே டாங்க் வாங்குவதில் தப்பில்லை, சரியான டாங்காக இருந்தால்.

உண்மையிலேயே பணம் மிச்சமா?

கணக்குப் போட்டால் மிச்சம்தான். கடைக் காயில் ஒன்று ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு. பத்து மீட்டர் கம்பிச் சுருணை இரண்டு காயிலின் விலைக்குக் கிடைக்கும். ஒரு காயிலுக்குக் கையில் பிடிக்கிற நீளத்தையும் சேர்த்து பத்து சென்டிமீட்டர் போதும். ஆக ஒரு சுருணையில் நூறு காயில். அதுவும் ஒவ்வொரு காயிலும் பல வாரம் வரும், நடுவில் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும். டாங்க் விலை, கத்தரி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சேர்த்தாலும் சில மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் இந்தப் பக்கம் வந்தவர்கள் ஒரு டாங்கோடு நின்றதாகச் சரித்திரம் இல்லை. அலமாரியில் ஆறேழு சேர்ந்த பிறகு மிச்சக் கணக்கைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேச முடியாது.

யாருக்கு இது சரிப்படாது?

சிகரெட்டை விட்டு இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்றால் இப்போது வேண்டாம். காயில் கருகிய ராத்திரியில் பஞ்சும் கத்தரியும் எடுத்து உட்காரப் பொறுமை இருக்காது. தெருமுனைக் கடைதான் கூப்பிடும். பாட் கருவியிலேயே சில மாதம் ஓட்டி, சிகரெட் நினைப்பு அடங்கின பிறகு வாருங்கள். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும், கிட்டப் பொருள் தெளிவாகத் தெரியாதவர்களுக்கும் இது சிரமம். வாசிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது எது?

பிராண்டும் நிறமும் அப்புறம். நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

சிகரெட் பிடிக்கிறவர் புகையை முதலில் வாயில் சேர்த்து, பிறகு நெஞ்சுக்குள் இழுப்பார். இதை வாய் இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். காற்று இறுக்கமாக வர வேண்டும். காயிலுக்கு அடியிலுள்ள துளை ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே போதும். வாட் குறைவு, 12 முதல் 18 வரை. லிக்விடில் நிக்கோடின் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அடிப்படைத் திரவங்களான பி.ஜி.யும் (புரோப்பிலீன் கிளைக்கால்) வி.ஜி.யும் (கெட்டியான காய்கறி கிளிசரின்) பாதிக்குப் பாதி இருந்தால் நல்லது. ஹுக்கா இழுப்பதுபோல நேராக நெஞ்சுக்கு இழுப்பது இன்னொரு வகை. காற்று தாராளமாக வர வேண்டும், வாட் 35, 50 என்று ஏறும், நிக்கோடின் 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் தொண்டை எரியும், வி.ஜி. 70 சதவீதம் உள்ள கெட்டியான லிக்விட் வேண்டும்.

ஒரே டாங்க் இரண்டையும் செய்யும் என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். காற்று வளையத்தை மூடி மூடி இறுக்கினால் வாய் இழுப்பு வந்துவிடும் என்பது கோட்பாடு. நடைமுறையில் அகலமான அறைக்குள் குறைந்த காற்று போனால் சுவை மங்கும், உள்ளே ஈரம் தேங்கும், குழாயில் களகளவென்று சத்தம் வரும். சிகரெட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாய் இழுப்பு டாங்க்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். லிக்விடும் பாதிகூட ஆகாது. 2026 அக்டோபர் 1 முதல் பத்து மில்லிக்கு 2.20 பவுண்டு என்று லிக்விட் மேல் வரி அறிவித்திருக்கிறார்கள். நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரிதான். புகைமண்டலம் விடுகிறவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

டெக்கில் என்ன பார்க்க வேண்டும்?

சுவை நன்றாக வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். புதிதாக வருகிறவர் கேட்க வேண்டியது வேறு. பஞ்சை ஏறக்குறைய வைத்தாலும் இந்த டாங்க் வேலை செய்யுமா? முதல் டாங்கைப் பொறுத்தவரை மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். சுவைக்குப் பேர்போன சில டாங்குகள் பஞ்சு அரை மில்லிமீட்டர் நீண்டால் கருகும், குறைந்தால் ஒழுகும். அதை வாங்கியவர் இரண்டு வாரத்தில் வெறுத்துப்போய்ப் பாட் கருவிக்கே திரும்பிவிடுவார்.

பஞ்சு இறங்கும் குழிகளைப் பாருங்கள். வாய் அகலமாக, ஆழம் குறைவாக, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி இருந்தால் நல்லது. பஞ்சு வால் குழியின் தரையைத் தொட்டு நின்றால் போதும் என்ற அமைப்புதான் புதியவருக்கு ஏற்றது. குறுகலான துளைக்குள் வாலைக் குத்தி இறக்க வேண்டிய டாங்குகளை இரண்டாவது மூன்றாவதாக வாங்கிக்கொள்ளலாம்.

காயில் ஒன்றே ஒன்று வைக்கிற டெக்காக இருக்கட்டும். இரண்டு காயில் டெக்கில் இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே நேரத்தில் சிவக்க வேண்டும். பஞ்சு வால் நான்கு. தப்பும் இரண்டு மடங்கு. பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

அடுத்தது ஸ்க்ரூ. கம்பியின் காலை நேராகத் தலைக்கு அடியில் பிடிக்கும் ஸ்க்ரூவில், இறுக்க இறுக்கக் கம்பி வெளியே நழுவும். சுற்றும் திசையிலேயே காலை வளைத்து வைத்தால் நழுவாது. எந்தக் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது டெக்கைப் பார்த்தவுடன் புரிய வேண்டும். ஓரத்தில் சின்னத் தடுப்புச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது, கால் ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். துளைக்குள் கம்பியை விட்டுப் பக்கத்திலிருந்து ஸ்க்ரூ குத்திப் பிடிக்கும் போஸ்ட்டும் உண்டு. அதில் மெல்லிய கம்பி வெட்டுப்பட்டுப் போகும் அபாயம் இருக்கிறது. ஸ்க்ரூ தலை ரொம்பச் சின்னதாக இருந்தால் வேண்டாம். ஒருமுறை தலை தேய்ந்துவிட்டால் டெக்கே வீண். பெட்டிக்குள் உபரி ஸ்க்ரூ, ஓரிங் எனப்படும் ரப்பர் வளையம், கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி உடையும். எல்லோருக்கும் உடைந்திருக்கிறது.

காற்று கீழிருந்து வருவது நல்லதா, மேலிருந்து வருவது நல்லதா?

கீழிருந்து வந்தால் காற்று நேராகக் காயில் மேல் படும், சுவை கூடும். ஆனால் பஞ்சு சரியில்லை என்றால் லிக்விட் அந்தத் துளை வழியாகவே சட்டைப்பைக்கு வந்துவிடும். மேலே துளை வைத்த டாங்கில், ஒழுகினாலும் வெளியே வர வழி குறைவு. அதற்காக ஒழுகவே ஒழுகாது என்று நினைத்துவிட வேண்டாம். நேர் இழுப்புக்காரர் முதல் டாங்காக மேல்காற்று உள்ளதை எடுக்கலாம். வாய் இழுப்பு டாங்குகளில் பெரும்பாலும் கீழ்க்காற்றுதான்.

டாங்க் ஏன் 2 மில்லியே பிடிக்கிறது?

சட்டம். 2016-இல் வந்த விதிகளின்படி பிரிட்டனில் டாங்க் 2 மில்லி, நிக்கோடின் உள்ள புட்டி 10 மில்லி, நிக்கோடின் அளவு மில்லிக்கு 20 மில்லிகிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. வாய் இழுப்புக்கு 2 மில்லி பரவாயில்லை. மேலே திறந்து நிரப்பும் டாங்காகப் பார்த்து வாங்கினால் தொல்லை குறைவு.

பெயர் சொல்லிச் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

மாடல்கள் வருவதும் நிற்பதுமாக இருக்கும். அதனால் பெயரைவிட அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாய் இழுப்புக்கு இன்னோகின் ஏரஸ் வரிசையை முதலில் தேடிப் பாருங்கள். வேப் உலகில் பலரும் அறிந்த ஃபில் புசார்டோ, டிமிட்ரிஸ் அக்ராஃபியோடிஸ் இருவரோடு சேர்ந்து அந்தக் கம்பெனி வடிவமைத்தது அது. குழி அகலம், காயில் ஒன்று, பஞ்சு வைப்பதில் பெரிதாகக் கெடுபிடி கிடையாது. டிஜிஃப்ளேவர் சைரன், வாண்டி வேப் பெர்சர்க்கர் ஆகியவையும் அதே வகை. நேர் இழுப்புக்கு கீக்வேப்பின் ஜீயஸ். மேல்காற்று டாங்க் பரவலானதில் அதற்குப் பங்கு உண்டு. வாங்கும்போது ஒற்றைக் காயில் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியின் கேஃபன் பற்றிக் காதில் விழுந்திருக்கும். வாய் இழுப்பு டாங்குகளில் மூத்தவற்றுள் ஒன்று, இன்றும் மதிப்பு குறையாதது. விலையும் அதற்கேற்ற மாதிரிதான். ஓரிங்கும் மரையும் நிறைய. கழற்றினால் மேசை நிறைந்துவிடும். முதல் டாங்காக வேண்டாம்.

குளோன் வாங்கலாமா?

பிரபலமான டாங்கின் நகல்கள் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும். சிலது நன்றாகவே இருக்கும். ஆனால் மரை பிசகியதா, நீங்கள் பஞ்சு வைத்தது பிசகியதா என்று புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் சந்தேகம் உங்கள் கை மேல் மட்டும் இருக்கட்டும்.

என்னிடம் உள்ள கருவியில் மாட்ட முடியுமா?

டாங்கைத் திருகி மாட்டும் 510 மரை இருந்தால் மாட்டலாம். ஜாய்டெக் கம்பெனியின் பழைய 510 மாடலிலிருந்து வந்த பெயர் அது, இன்று பேட்டரி அடங்கிய கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிக் கருவிகளுக்கும் அதுதான் பொது மரை. பாட் மட்டும் செருகும் கருவியில் முடியாது. டாங்கின் விட்டம் கருவியின் மேல்தட்டைவிடப் பெரிதாக இருந்தால் ஓரம் துருத்தும். 22, 24 மில்லிமீட்டர் டாங்குகள் பெரும்பாலானவற்றில் அடக்கமாக உட்காரும்.

கருவி கட்டாயம் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளதாக இருக்க வேண்டும். திரையில் ஓமும் வாட்டும் காட்டும், ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும். மெக்கானிக்கல் மாட் எனப்படும் வெறும் உலோகக் குழாயில் இந்தக் காவல் எதுவும் கிடையாது. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு பொத்தான் மட்டும். அமெரிக்காவில் 2018-இல் ஃப்ளோரிடாவிலும் 2019-இல் டெக்சஸிலும் வேப் கருவி வெடித்து ஒவ்வொருவர் இறந்திருக்கிறார்கள். மெக்கானிக்கலைத் தொடவே வேண்டாம். யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

பேட்டரி கணக்கு தெரிந்திருக்க வேண்டுமா?

கொஞ்சம் தெரிய வேண்டும். பள்ளியில் படித்த ஓம் விதிதான், வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். முழுச் சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். கட்டுப்பாடில்லாத குழாயில் 1 ஓம் காயில் 4.2 ஆம்பியர் இழுக்கும், அரை ஓம் 8.4, 0.2 ஓம் என்றால் 21. நல்ல 18650 பேட்டரிகளே (உருளைப் பேட்டரியின் அளவுப் பெயர் அது) பெரும்பாலும் 20 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்னும்போது அந்த 21 எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிகிறதல்லவா.

கட்டுப்பாடு உள்ள கருவியில் கணக்கு வேறு. அங்கே பேட்டரி மேல் விழும் சுமையைத் தீர்மானிப்பது நீங்கள் வைக்கும் வாட். ஒற்றைப் பேட்டரிக் கருவியில் 40 வாட் வைத்தால், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், கருவியின் வீணடிப்பையும் சேர்த்து ஏறக்குறைய 14 ஆம்பியர் போகும். வாய் இழுப்புக்கு 15 வாட் வைக்கிறவர் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

பேட்டரியில் சாம்சங் 25ஆர் 20 ஆம்பியர், கொள்ளளவு 2500 எம்ஏஎச். முன்பு சோனி, இப்போது முராடா பெயரில் வரும் விடிசி6 15 ஆம்பியர், 3000 எம்ஏஎச். 18650 அளவில் 9900 எம்ஏஎச் என்று போட்டு விற்பது பச்சைப் பொய். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். தனிப் பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பையில் போடவே போடாதீர்கள், பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

எந்தக் கம்பி?

காந்தல் ஏ1. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த சூளைக்கம்பி, சுவீடனின் ஹால்ஸ்டாஹம்மரில் பிறந்தது. வளைத்த இடத்தில் நிற்கும், சுட்டாலும் தாங்கும். 28 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) எடுத்து 2.5 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றினால் 1.1 ஓம் வாக்கில் வரும், வாய் இழுப்புக்கு அருமை. 26 கேஜில் 3 மில்லிமீட்டர், ஆறு சுற்று என்றால் 0.8 ஓம் பக்கம். பின்னிய, முறுக்கிய அலங்காரக் காயில்களை ஆயத்தமாகவே விற்கிறார்கள். சுவை கூடும் என்பது உண்மை. முதல் மாதம் அது வேண்டாம், சாதாரணக் கம்பியிலேயே பழகுங்கள். வெப்பக் கட்டுப்பாட்டுக்கான நிக்கல் கம்பியைச் சாதாரண வாட்டில் சுடக் கூடாது என்பதால் அதையும் தள்ளி வையுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒட்ட வெட்டும் சின்ன வெட்டி, செராமிக் முனைச் சாமணம், கூரான கத்தரி, நல்ல ஸ்க்ரூடிரைவர். கம்பியைச் சுற்றும் தண்டான ஜிக் இல்லாவிட்டால் 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் அடித்தண்டு போதும். டாங்கோடு கொடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

முதல் காயிலை எப்படிக் கட்டுவது?

டாங்கைப் பிரித்து, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுக் கழுவிக் காய வையுங்கள். கடைசல் எண்ணெய் ஒட்டியிருக்கும். கருவியை அணைத்துவிட்டு டெக்கை மாட்டுங்கள். சுருளைச் சுற்றிய தண்டோடேயே கொண்டுபோய், கால்களை ஸ்க்ரூவுக்கு அடியில் விட்டு இறுக்குங்கள். தண்டு உள்ளே இருக்கும்போதே சுருளைக் காற்றுத் துளைக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு தண்டை உருவி, மிஞ்சிய கால்களை ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய முனை மூடியைத் தொட்டால் ஷார்ட்.

இப்போது 10 வாட்டில் விட்டு விட்டு அழுத்துங்கள். சுருள் நடுவிலிருந்து இரு பக்கமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் பளிச்சென்று எரிந்தால், பொத்தானை விட்டபின் செராமிக் சாமணத்தால் சுருளை லேசாக நீவி, இரு பக்கமும் அழுத்தி, மறுபடி பாருங்கள். இரும்புச் சாமணத்தால் எரியும்போது தொடாதீர்கள்.

அடுத்து பஞ்சு, பாதிப் பேர் தடுக்கி விழும் இடம். பஞ்சின் முனையை முறுக்கிக் கூராக்கிச் சுருளுக்குள் விட்டு இழுங்கள். உரசிக்கொண்டு வர வேண்டும், ஆனால் சுருள் பஞ்சோடு நகரக் கூடாது. வழவழவென்று ஓடினால் பஞ்சு குறைவு, சுருளும் கூடவே வந்தால் அதிகம். குத்துவிளக்குத் திரியைத் தடிமனாகத் திரித்தால் எண்ணெய் ஏறாமல் முனை கருகுமே, அதே கதைதான் இங்கேயும். வால்களை டெக்கின் வெளி விளிம்பளவுக்குச் சாய்வாக வெட்டி, ஊசி முனையால் சீவிக் கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டு, குழியில் மெல்ல உட்கார வையுங்கள். அமுக்க வேண்டாம். சுருளிலும் வாலிலும் லிக்விடைச் சொட்டி, பஞ்சு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஊறியதும் ஒன்றிரண்டு முறை அழுத்துங்கள். ஆவி சுத்தமாக எழுந்தால் மூடி, நிரப்பி, ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

ஒழுகுகிறது. என்ன செய்ய?

பத்தில் எட்டு முறை குழியில் பஞ்சு போதவில்லை. வாலை ரொம்பக் குட்டையாக வெட்டியிருப்பீர்கள், அல்லது குழியின் ஒரு மூலை திறந்திருக்கும். அடுத்த சந்தேகம் நிரப்பும் முறை. காற்றை மூடிவிட்டு மேலே நிரப்பி, மேல்மூடியை இறுக்கி, டாங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றைத் திறந்து, பிறகு நிமிர்த்துங்கள். உள்ளே சேர்ந்த அழுத்தம் போய்விடும். அதற்கும் மசியவில்லை என்றால் ஓரிங் கிள்ளுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கருகல் அடிக்கிறது.

உடனே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு இழுப்பு பார்ப்போம் என்று போனால் பஞ்சுதான் எரியும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பஞ்சு அதிகம், வாட் அதிகம், லிக்விட் ரொம்பக் கெட்டி, இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கருகிய பஞ்சு திருந்தாது, மாற்றிவிடுங்கள்.

திரையில் ஓம் குதிக்கிறது.

ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இறுக்குங்கள். அப்படியும் குதித்தால் 510 முனையைத் துடையுங்கள்.

நிக்கோடின் கலக்கும் கணக்கு?

நிக்கோடின் ஊற்ற இடம் விட்டு விற்கும், நிக்கோடின் இல்லாத 50 மில்லி ஷார்ட்ஃபில் புட்டியில், 18 மில்லிகிராம் நிக்கோடின் ஷாட் 10 மில்லி ஊற்றினால் 60 மில்லியில் 180 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 3. நேர் இழுப்புக்கு இது போதும். வாய் இழுப்புக்கு 6 முதல் 12 வரை உள்ள 10 மில்லி புட்டிகளே வசதி. 20 மில்லிகிராம் நிக் சால்ட்டை (நிக்கோடின் உப்பு கலந்த லிக்விட்) 40 வாட் டாங்கில் ஊற்றாதீர்கள், தலை சுற்றி வாந்தி வரும். சமையல் எண்ணெய், வாசனை எண்ணெய் எதையும் டாங்கில் ஊற்றவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் பகை. புட்டிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா?

இந்தியாவுக்கு வேண்டாம். 2019-இல் வந்த தடைச் சட்டம் மின்சிகரெட் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது. இறக்குமதிக்கு முதல் தடவையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சென்னை விமான நிலையத்தில் சொந்த உபயோகத்துக்குத்தான் என்று சொல்லிப் பார்க்க விரும்பினால் அது உங்கள் துணிச்சல். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், வழியில் விமானம் மாறுகிறவர்கள் மறந்துவிடாதீர்கள். இலங்கையிலும் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. அனுமதி உள்ள நாட்டுக்குப் போவதானால் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. பறக்கும்போது டாங்கைக் காலி செய்துவிடுங்கள், காற்றழுத்த மாற்றத்தில் கட்டாயம் ஒழுகும்.

உடம்புக்கு இது நல்லதா?

நல்லது என்று யாரும் சொல்லவில்லை. சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு, ஆனால் ஆபத்தே இல்லாதது கிடையாது, புகைக்காதவர் தொடங்கக் கூடாது என்பதுதான் பிரிட்டன் மருத்துவத் துறையின் நிலை. நிக்கோடின் அடிமைப்படுத்தும். கையால் காயில் கட்டினால் கெடுதல் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கருகிய பஞ்சை இழுத்தால் கூடத்தான் செய்யும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பஞ்சு மாற்ற வேண்டும்? பழைய பேட்டரியை எங்கே போடுவது?

இனிப்பு லிக்விட் என்றால் இரண்டு மூன்று நாள், இனிப்பில்லாதது என்றால் ஒரு வாரம் தாங்கும். சுவை மங்கும்போது பஞ்சை உருவிவிட்டு, வெறும் சுருளைக் குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சுட்டு, ஆறியதும் தண்ணீரில் கழுவித் தேய்த்துப் புதுப் பஞ்சு போடுங்கள். பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டியில் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. முனைகளில் டேப் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.